‘ஈசிஎம் போச்சு’ என்று சொல்லும் முன்: லாரி எலக்ட்ரீஷியனுக்கு 9 பாடங்கள்

‘ஈசிஎம் மாத்தணும்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மாற்றியே ஆக வேண்டும் என்பதை ஆதாரத்தோடு காட்டுகிறவருக்குத்தான் முதலாளி அடுத்த முறையும் போன் போடுவார். ஈசிஎம் என்றாலும் ஈசியூ என்றாலும் எஞ்சினை ஆளும் அதே கம்ப்யூட்டர் பெட்டிதான். புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தொடும் மாடல்கள் உண்டு. அவ்வளவு பணத்தையும் உங்கள் ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவர் இறக்குகிறார். அந்த வாக்கியத்தின் தரம்தான் உங்கள் மார்க்கெட் மதிப்பு.

கொச்சி பள்ளுருத்தியில் தொழில் செய்கிறீர்களா? இடம் உங்களுக்குச் சாதகம். ஒரு பக்கம் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். இன்னொரு பக்கம் அரூரின் கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனிகள். குண்டனூர் வழியாகப் போனால் வில்லிங்டன் தீவு. 2011இல் கன்டெய்னர் வேலை அந்தத் தீவிலிருந்து வல்லார்பாடத்துக்குப் போன பிறகும் மேற்குக் கொச்சியில் லாரிக்குப் பஞ்சமில்லை.

காலமும் சாதகம். 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபடி, ஏப்ரல் 1 முதல் பழைய புகை விதிப்படி செய்த பிஎஸ்3 வண்டியை விற்க முடியாமல் போனது. நாடு முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கூடிய பிஎஸ்4 வந்தது. அந்த ஆண்டு ரோட்டுக்கு வந்த லாரிகளுக்கு இப்போது 8 வயது தாண்டிவிட்டது. வாரண்டி கிடையாது. 8 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும். ‘பழைய லாரி’ என்றால் பம்ப்பும் நாசிலும் மட்டும் என்றிருந்த காலம் முடிந்தது. பம்ப் மேஸ்திரிக்கு லேப்டாப் பிடிபடாது. கம்பெனி சர்வீஸில் பெட்டியை முழுசாக மாற்றச் சொல்வார்கள். நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் பிழைப்பு. அதை இப்படிப் பிடியுங்கள்.

1. முதலில் டிரைவரைக் கேளுங்கள்

ஸ்கேனரைக் கையில் எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகள். பாடியில் வெல்டிங் நடந்ததா? பேட்டரி மாற்றினார்களா, ஜம்ப் ஸ்டார்ட் செய்தார்களா? வண்டி தண்ணீரில் நின்றதா, எஞ்சினை வாட்டர் வாஷ் செய்தார்களா? வேறு யாராவது வயரிங்கில் கை வைத்தார்களா? ஈசிஎம் சாவதற்கு இவை போதுமான காரணங்கள். பேட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றாமல் வெல்டிங் வைத்தால், வெல்டிங் கரண்ட் எர்த் தேடி ஈசிஎம் வழியாகவே போகக்கூடும்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘என்ன பண்ணினே?’ என்றால் டிரைவர் மறைப்பார். மலையாளி டிரைவரை ‘சேட்டா’ என்று கூப்பிட்டு, நாமக்கல், சங்ககிரி வண்டிக்காரரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுப் பேச்சுக் கொடுங்கள். ‘வலிவில்ல’ என்று அவர் சொல்வதும் ‘இழுக்கல’ என்று இவர் சொல்வதும் ஒரே கோளாறு. இரண்டு பாஷையும் தெரிந்தவர் இந்த ரோட்டில் பாதி போட்டியைத் தாண்டிவிட்டார்.

2. பவரும் எர்த்தும் சரியா என்று அளந்து எழுதுங்கள்

24 வோல்ட் வண்டியில் ஓய்வில் உள்ள நல்ல பேட்டரி ஜோடி 25 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 24 காட்டினால் பாதி சார்ஜ்கூட இல்லை. எஞ்சின் ஓடும்போது 27 முதல் 28.5 வரை இருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் மிகவும் கீழே விழுந்தால் ஈசிஎம் ரீசெட் ஆகும். பார்ப்பவருக்கு அது ஈசிஎம் கோளாறாகத் தெரியும்.

அடுத்தது எர்த். ஓம்ஸ் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும் மீட்டரில் நன்றாகவே காட்டும். லோடு ஓடும்போது ஈசிஎம் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வோல்டேஜ் டிராப் அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் ஈசிஎம்மை விட்டுவிட்டு எர்த்தைப் பிடியுங்கள். மெயின் ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், இக்னிஷன் சப்ளை மூன்றையும் இதே மாதிரி பாருங்கள்.

3. கொச்சியின் உப்பைக் கணக்கில் எடுங்கள்

இங்கே ஓதம் ஏறும் நாட்களில் இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கி பக்கம் காயல் உப்புநீர் வீட்டு முற்றத்துக்கே வரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை வேறு. மீன் வண்டியில் ஐஸ் தண்ணீர் சேஸிஸ் மேல் வழிந்துகொண்டே இருக்கும். கப்ளர் ரப்பர் சீல் கிழிந்திருந்தால் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பேறிய அந்தப் பின், ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. ‘சூடானால் ஆஃப் ஆகுது’ என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம்.

ஈசிஎம் கப்ளரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். போட்டோ எடுங்கள். டெஸ்ட் லேம்ப் ஊசியை டெர்மினலுக்குள் திணிக்காதீர்கள். டெர்மினல் விரிந்தால் நீங்களே புதுக் கோளாறு போட்டவர் ஆவீர்கள். பின்பக்கமாக, வயர் வரும் வழியில் மெல்லிய பின் வைத்து அளப்பதுதான் முறை.

4. சென்சார் கோடு கும்பலாக வந்தால் மயங்காதீர்கள்

ஐந்தாறு சென்சாருக்கு ஒரே நேரத்தில் ஃபால்ட் கோடு வந்தால் உடனே ‘ஈசிஎம்’ என்பார்கள். பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் சப்ளை போகிறது. அதில் ஒரு சென்சாரோ வயரோ ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும். மீட்டரை 5 வோல்ட் லைனில் வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்தப் பக்கம்தான் குற்றவாளி. சில நூறு ரூபாய் வேலைக்கு லட்சம் ரூபாய்ப் பெட்டி வாங்க வைக்கும் இடம் இதுதான்.

5. ஸ்கேனர் பேசவில்லை என்றால் ஈசிஎம் இறந்துவிட்டது என்று அர்த்தமில்லை

லாரியில் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவது கேன் லைனில், பெரும்பாலும் ஜே1939 முறையில். பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் நடுவில் ஓம்ஸ் பாருங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் கட். பூஜ்ஜியத்துக்கு அருகில் என்றால் ஷார்ட். இதைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். மீட்டர் காட்டிய எண்ணை ஜாப் கார்டில் எழுதுங்கள்.

6. தீர்ப்பு சொல்ல இத்தனை ஆதாரம் வேண்டும்

பவர் சரி. எர்த் சரி. இக்னிஷன் சிக்னல் வருகிறது. கேன் லைன் சரி. எல்லா சென்சாரையும் கழற்றி, வயரிலும் ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகும் 5 வோல்ட் இல்லை, அல்லது ஈசிஎம் தனக்குள்ளேயே கோளாறு என்று கோடு திரும்பத் திரும்பக் காட்டுகிறது. இந்த வரிசை முழுதும் கையில் இருந்தால் மட்டும் ‘ஈசிஎம் போச்சு’ என்று சொல்லுங்கள். பழைய போர்டில் வெடிப்பு விட்ட சோல்டர், கசிந்த கெப்பாசிட்டர், கருகிய டிரைவர் ஐசி தெரிந்தால் அதையும் போட்டோவில் சேருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெட்டியைக் கொன்ற காரணம் வண்டியில் இன்னும் இருந்தால் புதுப் பெட்டியும் போகும். இன்ஜெக்டர் காயிலோ சொலினாய்டோ ஷார்ட் ஆகியிருக்கிறதா, ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கூடுதல் வோல்டேஜ் விடுகிறதா என்று பார்க்காமல் புதுசை மாட்டவே கூடாது.

7. எந்தப் பெட்டி, என்ன டேட்டா?

முதலாளியிடம் மூன்று வழிகளையும் வையுங்கள். கம்பெனியிலிருந்து புதுசு: விலை அதிகம், தலைவலி குறைவு. போர்டு ரிப்பேர்: கோளாறு சின்னதாக இருந்தால் லாபம், தண்ணீர் குடித்த போர்டு என்றால் சூதாட்டம். செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கி வண்டியின் டேட்டாவை அதில் ஏற்றுவது (குளோனிங்): விலை குறைவு, ஆனால் ஹார்டுவேர் நம்பரும் சாஃப்ட்வேர் நம்பரும் பொருந்த வேண்டும். பெட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கு பில்லும் வேண்டும். திருட்டு வண்டிப் பெட்டி உங்கள் மேஜையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரே ஆண்டு வண்டி என்பதால் ஒரே எலக்ட்ரானிக்ஸ் என்று நினைக்க வேண்டாம். பிஎஸ்4க்கு அசோக் லேலண்ட் இன்லைன் பம்ப்போடு, யூரியா வேண்டாத ஐஇஜிஆர் வழியை எடுத்தது. யூரியா ஊற்றும் எஸ்சிஆர் வண்டிகளும் அதே ரோட்டில் ஓடுகின்றன. லேபிளைப் படிக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

பழைய பெட்டி கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் முதல் வேலை பேக்கப். சேஸிஸ் நம்பர், இம்மொபிலைசர் டேட்டா, இன்ஜெக்டர் கோடு எல்லாம் அதற்குள் இருக்கும். இன்ஜெக்டர் தலையில் அச்சடித்த கோடுகளையும், எந்த சிலிண்டருக்கு எது என்று சேர்த்துப் போட்டோ எடுங்கள். கோடு மாறினால் புகை வரும், ஐடிலில் உதறும்.

8. மாட்டுவதில் அவசரம் வேண்டாம்

எஸ்சிஆர் வண்டியில் சாவியை ஆஃப் செய்ததும் மாஸ்டர் சுவிட்சைப் பிடுங்காதீர்கள். யூரியா லைனைக் காலி செய்ய பம்ப் கொஞ்ச நேரம் ஓடும். அது நின்ற பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்டிக்கு அடியில் இருக்கும் ரப்பர் மவுண்ட்களை ஒன்று விடாமல் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வு போர்டைத் தின்றுவிடும்.

புரோகிராம் ஏற்றும்போது வண்டிக்கு நிலையான 24 வோல்ட் சப்ளை கொடுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் புதுப் பெட்டியும் குப்பை. முடிந்ததும் கோடுகளை அழித்து, ரெயில் பிரஷர் பார்த்து, லோடோடு ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். குண்டனூர்–தேவரா பாலத்தின் ஏற்றம் நல்ல டெஸ்ட் டிராக். திரும்பி வந்ததும் மறுபடியும் ஸ்கேன்.

‘அப்படியே அந்த யூரியா சிஸ்டத்தையும் ஆஃப் பண்ணிக் குடு’ என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். வண்டியைச் சட்டம் அனுமதிக்காத விதத்தில் மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில் ஓனருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாட்டிக்கொண்டால் அவர் முதலில் சொல்லப்போகும் பெயர் உங்களுடையது. ‘இது உங்களுக்குத்தான் வம்பு முதலாளி’ என்று அவர் நலனாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

9. பில்லும் உங்கள் வேலைதான்

செக்கிங் சார்ஜை வண்டியைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். ‘பார்ட் வாங்கினால் செக்கிங் இலவசம்’ என்று ஆரம்பித்தால், பார்ட் விற்றால்தான் உங்களுக்குச் சோறு என்று ஆகிவிடும். அந்த நாளிலிருந்து உங்கள் தீர்ப்பை யாரும் நம்ப மாட்டார்கள். செக்கிங், பார்ட், புரோகிராமிங் மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அளவுகளும் போட்டோக்களும் ஒரே மெசேஜாக முதலாளிக்குப் போகட்டும். நாமக்கல்லில் உட்கார்ந்திருப்பவர் உங்களைப் பார்த்ததே இல்லை. அந்த மெசேஜ்தான் அவருக்கு உங்கள் முகம். பழைய பெட்டியைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

படிப்பும் டூல்ஸும் எந்த வரிசையில்? ஐடிஐயில் மெக்கானிக் டீசல் ஓராண்டு, மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டாண்டு. இரண்டில் எதுவானாலும் அடிப்படை கிடைக்கும். அதற்கு மேல் வயரிங் டயகிராம் படிக்கும் பழக்கத்தை நீங்களேதான் வளர்க்க வேண்டும். காசு சேரச் சேர நல்ல மீட்டர், 24 வோல்ட் சப்ளை, ஸ்கேனர் என்று வாங்குங்கள். குளோனிங் டூல் கடைசி. பலர் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அளக்கத் தெரியாதவர் கையில் குளோனிங் டூல், தப்பான பெட்டியை வேகமாக மாற்ற மட்டுமே உதவும்.

அடுத்து வரும் ‘ஈசிஎம் கேஸ்’ வண்டியில் இரண்டாம் பாடம் முதல் ஐந்தாம் பாடம் வரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு அளவையும் நிரப்பிக் காட்டுங்கள். பக்கத்து ஷெட்டில் அந்தத் தாள் இல்லை. முதலாளி வித்தியாசத்தை உடனே பார்ப்பார். உங்கள் ரேட்டை ஏற்றிப் பேச அதைவிட நல்ல நேரம் வராது.