கருங்கல்லுக்கு வயது என்ன?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் ஜல்லி லாரிகளைக் காணாத நாளில்லை. தொழிற்சாலைக்கு, மேம்பாலத்துக்கு, அடுக்குமாடி வீட்டுக்கு என்று கல் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் கல்லின் வயது என்ன? பல்லவர் காலம் என்பாள் ஒருத்தி. டினோசர் காலம் என்பாள் மற்றொருத்தி. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பதே விடை. டினோசர்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன, தோழியரே!

நம் வட்டாரத்துக் குவாரிகளில் உடைபடும் கருங்கல்லில் பெரும்பகுதி 'சார்னோகைட்' என்னும் பாறை வகையாகும். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகளும் இப்பாறையால் ஆனவையே. பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜாப் சார்னாக் என்பவர் கல்கத்தாவில் இறந்தார். அவர் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பக்கத்துக் கல். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து 1893-இல் அக்கல்லை ஆராய்ந்து எழுதி, அவ்வகைப் பாறைக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். கல் நம்முடையது, பெயர் கல்லறைக்குள் இருப்பவருடையது! 'பரங்கிமலைக் கல்' என்று பெயரிட்டிருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

கல்லின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பாறைக்குள் ரவையைவிடச் சிறிய சிர்கான் என்னும் படிகங்கள் உள்ளன. சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடும். பிறகு அந்த யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாக மாறுகிறது. யுரேனியம் 238-இல் பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே, இன்று படிகத்தில் எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என்று அளந்தால் அது பிறந்த காலம் தெரிந்துவிடும். பாறை தேய்ந்து மண்ணானாலும் சிர்கான் எளிதில் அழியாது.

புவிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் அதன் மேலோடு கனமான கரும்பாறையாக இருந்தது. அப்பாறை நீருடன் ஆழத்திற்குச் சென்று ஒரு பகுதி உருகியபோது கிரானைட் போன்ற இலேசான பாறை பிரிந்தது. காய்ச்சும் பாலில் ஆடை மேலே ஒதுங்குவதைப் போல, இலேசான இத்துண்டுகள் மேலே தங்கின. பின்னர் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக் கண்டங்களாக வளர்ந்தன.

இதற்குச் சாட்சி வேண்டுமல்லவா? ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் 440 கோடி ஆண்டுச் சிர்கான் கிடைத்துள்ளது. நம் ஒடிசாவின் சம்புவாப் பகுதிப் பாறையில் 420 கோடி ஆண்டுச் சிர்கான் இருப்பதாக 2018-இல் அறிவித்தார்கள். அவை வெறும் மணிகளே. கர்நாடகத்தில் தார்வார் பகுதியின் 'நைஸ்' பாறைகளோ நிலமாகவே நிற்கின்றன. பெங்களூர் லால்பாக் தோட்டத்துப் பெரும்பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையானது. அந்தப் பழைய நிலத்துண்டின் ஓரங்களில் புதிய துண்டுகள் சேர்ந்து, 250 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவின் பெரும்பகுதி ஒரே நிலமாயிற்று. நம் கருங்கல் அக்காலத்தைச் சேர்ந்தது.

எங்களுக்கு மிகவும் வியப்பூட்டியது வேறொன்று. சார்னோகைட் தரைமேல் உண்டான கல் அன்று. 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உண்டானது. அப்படியானால் பரங்கிமலை இன்று வெளியே தெரிவது எப்படி? மேலே இருந்த பாறை முழுவதும் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து போயிற்று. அடியில் இருந்தது எழும்பி வந்தது. நாம் மலை என்று அழைப்பது உண்மையில் ஒரு பழைய கண்டத்தின் வேர்.

அந்த வேரைத்தான் கிரஷரில் கொட்டி ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைக்கிறோம். கல்லே எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கான்கிரீட்டிலும் ஜல்லிதான் இருக்கிறது. ஆனால் குன்று மறுபடி வளர 250 கோடி ஆண்டுகள் காத்திருக்க யாரால் முடியும்? பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். மற்றக் குன்றுகள் பலவற்றின் இடத்தில் இன்று இருப்பவை நீர் தேங்கிய பள்ளங்கள். 2019-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

வீடு கட்டும் இடத்தில் ஜல்லிக் குவியலைக் கண்டால், புதிதாக உடைந்த துண்டு ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பும், சாம்பல் கலந்த நீல நிறமும் இருந்தால் அது பெரும்பாலும் சார்னோகைட்தான்.