ஓடும்போது விலாவில் பிடிக்கிறதா? அக்கா சொல்கிறேன், கேளுங்கள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு, காவலர் தேர்வுக்காகக் கிரவுண்டில் ஓடும் தம்பி, தங்கைகளே! இரண்டாவது ரவுண்டில் விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்துக்கொள்கிறதா? உடம்பில் தெம்பில்லை என்று கலங்க வேண்டாம். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் இது வரும். இளவயதில் இன்னும் அதிகம். வயிற்றின் உட்சுவரை ஒட்டிய சவ்வு உரசுவதால் என்றும், உதரவிதானம் இறுகுவதால் என்றும் காரணம் சொல்கிறார்கள். எதுவானாலும் சாப்பாடு, வேகம், மூச்சு மூன்றையும் கவனித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

* சாப்பாடு: மதியம் 2 மணிக்கு ஷிப்ட் விட்டு வயிறு நிறையச் சாப்பிட்டீர்களா? 2, 3 மணி நேரம் போகட்டும். வெயிலும் தாழ்ந்திருக்கும்.

* தண்ணீர்: ஓடுவதற்கு முன் ஒரு சொம்பை மடமடவென்று குடிக்காதீர்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஓட்டத்துக்கு முன் ஜூஸ், கூல்டிரிங்க்ஸ் வேண்டவே வேண்டாம்.

* வேகம்: காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். 400 மீட்டர் டிராக்கில் ரவுண்டுக்கு ஏறத்தாழ 1 நிமிடம் 50 விநாடி. பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. எடுத்த எடுப்பில் பாய்ந்தால் மூச்சு கெட்டுவிடும். முதலில் 10 நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்குங்கள்.

* பிடித்துவிட்டால்: வேகத்தைக் குறையுங்கள். வலிக்கும் இடத்தை விரல்களால் அழுத்தி, லேசாக முன்னால் குனிந்து, வயிறு உப்ப மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். அடங்கவில்லையா? நடங்கள். பயிற்சியில் நிற்பதில் வெட்கமே இல்லை.

* இடம்: கன்டெய்னர் லாரி போகும் ரோட்டோரம் வேண்டாம். தூசியும் புகையும் மூச்சைக் கெடுக்கும், உயிருக்கும் ஆபத்து. பள்ளி மைதானம் போங்கள்.

* டாக்டர்: ஓட்டத்தை நிறுத்தியும் வலி விடாவிட்டாலோ, நெஞ்சிலோ தோளிலோ பரவினாலோ, காய்ச்சல், வாந்தி சேர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. தேர்வு நாளில் புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். பயிற்சி நாளில் உங்கள் வயிற்றுக்கு எது ஒத்துக்கொண்டதோ, அன்றைக்கும் அதையே, அதே நேர இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள்.