பல் விழுவது வயதினாலா?



பொங்கல் நாட்களில் வள்ளியூர்ப் பக்கத்து வீடுகளில் அவித்த பனங்கிழங்கு இருக்கும். நீங்கள் அதைத் தோலுரித்து, நாரைக் களைந்து, நறுக்கென்று கடித்துத் தின்கிறீர்கள். தாத்தாவோ அதை உரலில் இடித்துத் தரும்படி கேட்கிறார். ஏன் என்று கேட்டால், "வயசாயிட்டுல்லா! பல்லு இன்னும் இருக்குமாக்கும்?" என்கிறார்.

வயதானால் பல் விழுந்துதான் ஆக வேண்டுமா? இதற்கு அறிவியல் என்ன விடை தருகிறது என்று காண்போம்.

முதலில் ஒரு சிறு சோதனை. கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா? சொரசொரப்பாக இருந்தால், அங்கே பற்காரை படிந்திருக்கலாம்.

பற்காரை எப்படி உண்டாகிறது?

நம் வாயில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திற்குள் அவை பல்லின் மேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய படலமாகப் படியத் தொடங்குகின்றன. இப்படலத்தைத் துலக்கி அகற்றாவிட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகள் அதில் சேர்ந்து, சுவரில் பூசிய காரையைப் போல அதை இறுகச் செய்கின்றன. நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் திறப்பதால், கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் காரை அதிகம் சேர்கிறது. இறுகிய காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது.

காரையின் மேல் மீண்டும் பாக்டீரியாப் படலம் வளர்கிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இதுவே ஈறு அழற்சி. 1965இல் ஹரால்டு லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆரோக்கியமான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அது மறைந்தது. ஆகவே, இந்த நிலையில் நோயை முற்றிலும் திருப்பிவிடலாம்.

கவனிக்காமல் விட்டால் பலருக்கு அழற்சி ஆழமாக இறங்குகிறது. பல்லைப் பற்றியிருக்கும் நார்களும் தாடை எலும்பும் சிறிது சிறிதாகக் கரைகின்றன. கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளர்வதில்லை. பெரும்பாலும் வலியும் இருப்பதில்லை. அதனால்தான், பல் ஆடத் தொடங்கும்வரை பலர் இதை அறிவதேயில்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஓர் ஆய்வு

திருநெல்வேலி உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு வேலை தேடிச் சென்றவர்கள் பலர். அவர்களின் வழிவந்த தமிழ்த் தொழிலாளர்களிடையே 1970இல் லோவின் குழு ஓர் ஆய்வைத் தொடங்கியது. 480 ஆண் தொழிலாளர்களின் பற்கள் 15 ஆண்டுகள் வரை மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டன. இவர்களில் மிக இளையவர்கள் உங்கள் வயதினரே.

அவர்களிடம் சொத்தைப்பல் ஏறக்குறைய இல்லை. ஆயினும் பற்கள் விழுந்தன. 8 சதவீதத்தினருக்கு ஈறு நோய் வேகமாக முற்றி, 45 வயதிற்குள் எல்லாப் பற்களும் போயின. 81 சதவீதத்தினருக்கு நோய் மிதமாக வளர்ந்து, அதே வயதில் சராசரியாக 7 பற்கள் போயின. எஞ்சிய 11 சதவீதத்தினருக்கு நோய் வளரவே இல்லை. ஆக, எல்லோருக்கும் வயது ஏறியது. ஆனால் எல்லோருக்கும் பல் விழவில்லை!

சிறு வயது முதல் பல் மருத்துவம் பெற்ற நார்வே நாட்டினரையும் இதே குழு ஆராய்ந்தது. 40 வயதை நெருங்கும்போது பல்லின் பிடிமானத்தில் அவர்கள் இழந்திருந்தது சுமார் 1.5 மில்லிமீட்டர். தோட்டத் தொழிலாளர்கள் இழந்திருந்ததோ 4.5 மில்லிமீட்டர். உலகெங்கும் பருகப்படும் தேயிலையை விளைவித்தவர்களுக்கு, பற்காரையை எடுத்துவிட ஒரு பல் மருத்துவர் கிடைக்கவில்லை.

பராமரிப்பால் தடுக்க முடியுமா?

"இரு நாட்டினருக்கும் உணவு வேறு, வருவாய் வேறு, பராமரிப்புத்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! ஒரே ஊரில் உள்ளவர்களை ஒப்பிட்டால்தான் விடை தெளிவாகும்.

ஸ்வீடனில் கார்ல்ஸ்டாட் என்னும் ஊரில் 1970களின் தொடக்கத்தில் ஆக்செல்சன், லிண்டே என்ற இருவர் அதைச் செய்தனர். 375 பெரியவர்களுக்குச் சரியாகத் துலக்கும் முறையைக் கற்பித்து, சில மாதங்களுக்கு ஒரு முறை பற்களைச் சுத்தம் செய்தனர். வேறு 180 பேருக்கு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்து, வந்த நோய்க்கு மட்டும் மருத்துவம் செய்தனர். 6 ஆண்டுகளில், இரண்டாம் குழுவினரிடம் புதிய சொத்தைகளும் ஈறு நோயும் பெருகின. முதல் குழுவினரிடம் அவை ஏறக்குறைய இல்லை. முதல் குழுவில் பராமரிப்பைத் தொடர்ந்தவர்கள் 30 ஆண்டுகளில் இழந்த பற்கள், வயதுப் பிரிவிற்கேற்பச் சராசரியாக 0.4 முதல் 1.8 வரை மட்டுமே! பிந்திய ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர்க்கு ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்வதே போதுமானதாக இருந்தது.

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று சிலர் அஞ்சுகின்றனர். எலும்பு கரைந்த பல்லைச் சில வேளை காரையும் வீங்கிய ஈறும் தாங்கி நிற்கும். அவை நீங்கியதும், முன்பே இருந்த ஆட்டம் தெரிகிறது. சுத்தம் செய்தது அதற்குக் காரணமன்று.

நீங்கள் செய்ய வேண்டியவை

காலையிலும், இரவு படுக்குமுன்னும் மென்மையான பிரஷ்ஷால், புளூரைடு கலந்த பற்பசை கொண்டு, ஈறும் பல்லும் சேரும் இடத்தைத் துலக்குங்கள். செங்கல் பொடி, உமிக்கரி போன்ற சொரசொரப்பான பொடிகள் எனாமலைத் தேய்த்துவிடும், அவற்றை விடுங்கள். புகைபிடித்தல் ஈறு நோயை வளர்க்கும். நீரிழிவு ஈறு நோயை மோசமாக்கும். ஈறு நோயோ இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும்.

இன்று இரவு உங்கள் அப்பாவையும் அம்மாவையும் ஒன்று கேளுங்கள்: "பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா?" ஆம் என்றால், பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இப்போது வலியில்லையே என்று அவர்கள் சொல்லக்கூடும். வலி இல்லாதபோதே காக்க வேண்டியது பல் என்பதை எடுத்துச் சொல்ல இனி உங்களால் முடியும், அல்லவா? அவர்கள் தாத்தா, பாட்டி ஆகும் காலத்தில் பனங்கிழங்கை இடிக்க உரல் தேவைப்படாது.