மழைநாளில் செஞ்சிக் கோட்டை ஏற... சில சிக்கன யோசனைகள்!

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. விக்கிரவாண்டிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்தானே! ஐப்பசி, கார்த்திகைத் தூறலில் ஏறினால் வெயில் களைப்பு இல்லை. சேறும் பாசியும்தான் தொல்லை. அதைச் சமாளிக்க வீட்டில் கிடப்பதே போதும்.

1. விழுப்புரமோ திண்டிவனமோ போய் பஸ் மாற நேரமாகும், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏற விடமாட்டார்கள். புயல், கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

2. மலைக்காற்றில் குடை நிற்காது. காலி யூரியா சாக்கைக் கழுவி, அடிமூலை ஒன்றை இன்னொன்றுக்குள் செருகினால் கொங்காணி ரெடி. தலையும் முதுகும் நனையாது, கை இரண்டும் சும்மா இருக்கும்.

3. ஹவாய் செருப்பு களிமண்ணில் வழுக்கும். பிள்ளைகள் ஒதுக்கிய ஷூவில் அடிப்பகுதி தேயாமல் இருந்தால் அதுவே போதும். போடுமுன் விரல் இடுக்குகளில் வேப்பெண்ணெய் தடவிக்கொள்வது சேற்றுப்புண்ணுக்கு வழக்கமான கைவைத்தியம்.

4. ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், லேசில் காயாது. மெல்லிய பாலியஸ்டர் பேன்ட் போதும். திரும்பும்போது மாற்ற ஒரு கைலியையும் துண்டையும் கவரில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஊன்றுகோலுக்கு ஒரு சவுக்குக் கம்பு போதும். அடிநுனியில் பழைய சைக்கிள் டியூப் துண்டை இறுக்கிக் கட்டினால் ஈரப் பாறையில் சறுக்காது.

6. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். கறுப்பாக மினுமினுக்கும் இடம் பாசி, அதில் கால் வைக்காதீர்கள். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி ஒவ்வொரு படியாக இறங்கினால் முழங்காலும் தப்பும்.

7. கையில் தொங்கும் கேரிபேக்கைக் கண்டால் குரங்கு விடாது. புளிச்சோற்றை வாழை இலையில் கட்டி, முதுகுப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். வழியில் கொறிக்க வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

8. கழுவிக் காயவைத்த பால் கவரில் செல்போனையும் ரூபாய் நோட்டையும் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். போன் நனைந்துவிட்டால் உடனே அணைத்து, துடைத்து, ஃபேன் காற்றில் வையுங்கள். அரிசியில் புதைத்தால் தவிடும் தூசியும்தான் உள்ளே போகும்.

9. இடி முழங்கினால் உச்சி ஆசையை விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். அடிவாரத்து நெற்களஞ்சியம் போன்ற பெரிய கட்டடத்துக்குள் நின்றுகொள்ளுங்கள்.

10. செஞ்சிப் பக்கம் பெய்த மழை சங்கராபரணி ஆற்று வழியாக நம்மூர்ப் பாலத்துக்குத்தான் வரும். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள், சுற்று வழியே லாபம்.

11. சேறு பட்ட துணியை ஈரத்தோடு தேய்த்தால் கறை பரவும். காயவிட்டு உதறி, பிரஷ்ஷால் தட்டிய பிறகு ஊறவையுங்கள், சோப்பும் மிச்சம்.

12. நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். சுள்ளென்ற வெயிலிலோ அடுப்பங்கரையிலோ வைத்தால் ஒட்டு விட்டுவிடும். நிழலில் காய்ந்தால் அடுத்த மழைக்கும் உழைக்கும்.