சால்வையை மறந்துடாதே

தங்கச்சி, எமரால்டுக்கு வேலைக்கு வந்துட்டே. இனி வருஷம் முழுக்க உனக்கு அழைப்புதான். குந்தா நீர்மின் திட்டத்துக்கு அணை கட்டின காலத்துல ஆளுங்க எங்கெங்கிருந்தோ மலையேறினாங்க. 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து திரும்பினவங்க நீலகிரி தேயிலைத் தோட்டங்கள்ல குடியேறினாங்க. படுகர் ஊருங்களான ஹட்டிங்க அதுக்கெல்லாம் ரொம்ப முந்தியே இங்கே இருக்கு. அதனால ஒரு வீட்டுல கிறிஸ்துமஸ், இன்னொரு வீட்டுல ரம்ஜான், கூட வேலை பாக்கறவ ஊர்ல ஹெத்தையம்மன் பண்டிகை. நமக்கு முறை தெரியாதேன்னு ஒதுங்காதே. கூப்பிட்டவங்ககிட்டயே முன்கூட்டி ஒண்ணு கேட்டு வெச்சுக்கோ: "நான் எதுவரைக்கும் உள்ளே வரலாம்?" இதைக் கேக்க வெக்கப்பட்டா அங்கே போய் முழிக்கணும்.

குளிருக்குப் போடுற சால்வைதான் உனக்குப் பெரிய துணை. தர்காவுக்கோ முஸ்லிம் வீட்டு பாத்திஹாவுக்கோ போனா அதையே முக்காடாப் போட்டுக்கலாம். ஆம்பிளைங்க கதைதான் தலைகீழ். மங்கி கேப்போட சர்ச்சுக்குள்ள நுழையக்கூடாது, வாசல்லயே கழட்டிடணும். தர்காவுல தலை மூடியிருக்கணும், அங்கே அதே குல்லா இருந்துட்டுப் போகட்டும். உன் வீட்டுக்காரருக்கு இதை முதல்லயே சொல்லிடு.

கத்தோலிக்கப் பூசைன்னா நடுவுக்குக் கொஞ்சம் பின்னால உக்காரு. முன் பெஞ்சுல உக்காந்தா, எப்போ எழுந்திரிக்கணும், எப்போ உக்காரணும்னு பாத்துச் செய்ய முன்னால ஆள் இருக்காது. எல்லாரும் நிக்கும்போது நில்லு. முழங்கால் போடும்போது நீ போட வேண்டியதில்லை, அடக்கமா உக்காந்திரு. சமாதானம் சொல்ற நேரத்துல பக்கத்துல இருக்கறவங்க திரும்பிக் கும்பிடுவாங்க, நீயும் கும்பிடு. அப்புறம் நற்கருணை. இங்கதான் நிறையப் பேர் தடுமாறிடுறாங்க. பெஞ்சே காலியாகி எல்லாரும் வரிசையில போவாங்க. பிரசாதம்தானேன்னு பின்னாலயே போய்க் கை நீட்டாதே. அது ஞானஸ்நானம் வாங்கி, அதுக்குத் தயாரான கத்தோலிக்கருக்கு மட்டும். கால் ரெண்டையும் ஓரமா ஒதுக்கி அவங்களுக்கு வழி விட்டுட்டு உன் இடத்துலயே இரு. நீ போகலைன்னு யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, போனாத்தான் சாமியாருக்குத் தர்மசங்கடம். சி.எஸ்.ஐ. சர்ச்சுல திருவிருந்து நடந்தாலும் அதே மாதிரி உக்காந்துக்கோ. காணிக்கைப் பை வந்தா போடுறதும் போடாததும் உன் இஷ்டம்.

பள்ளிவாசல் விஷயம் ஊருக்கு ஊர் மாறும். பெண்கள் வர்றதுக்குத் தனி இடம் இருக்கான்னு கூப்பிட்டவங்களே சொல்வாங்க. தொழுறவங்க முன்னால குறுக்கே நடக்காதே, அது போதும். ரம்ஜான்ல நோன்புக் கஞ்சி தந்தா தாராளமா வாங்கிக்கோ. பள்ளிவாசல்கள்ல கஞ்சி காய்ச்ச அரசாங்கமே வருஷா வருஷம் அரிசி தருது, அந்தக் கஞ்சியை எல்லா மதத்துக்காரங்களும் தூக்குல வாங்கிட்டுப் போறாங்க.

கோத்தகிரிப் பக்கம் பேரகணியில ஹெத்தையம்மன் பண்டிகை மார்கழி, தை வாக்குல வரும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவாங்க. ஹெத்தைன்னா படுகருக்குக் குலம் காத்த பாட்டி. கூட்டம் மொத்தமும் வெள்ளை உடுத்தியிருக்கும். நீ பட்டுப்புடவையில ஜொலிக்காம, வெள்ளையோ வெளிர் நிறமோ கட்டிட்டுப் போ. போன் எடுக்கறதுக்கு முன்னால பெரியவங்க யாரையாவது கேளு. தோதவர் பழங்குடிக் கோயில் மட்டும் வேற. முத்தநாடு மந்துங்கிற அவங்க ஊர்ல மொற்பர்த் பண்டிகைக்குக் கூடுற தோதவர் பெண்களே கோயிலுக்குள்ள போறதில்லை. சுத்தி வளைச்சுக் கிட்டப் போய் எட்டிப் பாக்கறதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு? தூரத்துலயே நின்னுக்கோ.

இனி நீ கூப்பிடுற முறை. ஏப்ரல் மாசம் ஊட்டி மாரியம்மன் தேருக்குத் தோழியைக் கூட்டிட்டுப் போவே. ஜனங்க நேர்த்திக்கடனுக்குத் தேர் மேல உப்பை வீசுறதை அவ ஆசையாப் பாக்கட்டும். அதுக்காக அவ கையில உப்பைத் திணிக்காதே, நெத்திக்கு விபூதியோட கையை நீட்டாதே. பிரசாதம் வேண்டாம்னு சொல்றவங்க உன்னை வேண்டாம்னு சொல்லலை. அவங்களுக்கு அவங்க கட்டுப்பாடு. ரெண்டாம் தடவை வற்புறுத்துறது அன்பில்லை, தொந்தரவு.

இன்னொண்ணு கண்ணு. டிசம்பர் 24 நடுராத்திரிப் பூசைக்கு ஊட்டிக்குப் போறதா இருந்தா, திரும்ப பஸ் கிடையாது. பனி கொட்டும், ரோட்டுல காட்டெருமை நிக்கும். ஜீப்புக்கு ஒரு வாரம் முன்னாலயே சொல்லி வை.