தள்ளாட்டம் எல்லாம் குடியல்ல!



எங்கள் குழுவில் ஓர் அக்கா. நடை தள்ளாடும், பேச்சு குழறும், கையெழுத்து கோணலாகும். "இவளும் குடிக்க ஆரம்பிச்சிட்டாளா?" என்று எங்களில் சிலரே பேசினோம். அவருடைய அப்பாவும் அப்படித்தான் நடந்தார் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பெரிய மருத்துவமனையில் பார்த்த பிறகுதான் தெரிந்தது: அது பரம்பரையாக வரும் சிறுமூளைத் தேய்வு நோய்.

சிறுமூளை என்ன செய்கிறது?

தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே இருக்கிறது சிறுமூளை. தலையில் குடம், இடுப்பில் பிள்ளை என்று வரப்பில் நடக்கிறோமே, அந்த நிதானத்தைத் தருவது அதுதான். அது தேயத் தேய நடை, பேச்சு, விழுங்குவது எல்லாம் தடுமாறும்.

எப்படி வருகிறது?

இதில் 40-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 'எஸ்.சி.ஏ.1' என்ற வகை தமிழ்நாட்டிலும் காணப்படுகிறது. இதற்கான மரபணு 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கணக்கு நோட்டில் ஒரே வரியைப் பல தடவை எழுதினால் கணக்கே தப்பிப்போகும் இல்லையா? அதுபோல மரபணுவில் ஒரு சிறு பகுதி அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே காரணம்.

தாய், தகப்பன் யாருக்கு இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. "மருமகள் வந்த ராசி" என்று பழி போடுவது தவறு. வேறு சில வகைகள், பெற்றோர் இருவரிடமும் குறை மறைந்திருந்தால் பிள்ளைக்கு வரும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அந்த வாய்ப்பு கூடும்.

நாம் என்ன செய்யலாம்?

* நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவோம். பி-12 சத்துக் குறைவாலும் தள்ளாட்டம் வரலாம். அதற்கு மருந்து உண்டு. பரம்பரை வகைகளிலும் வைட்டமின் ஈ குறைவால் வருவதற்கு மருந்து உண்டு.

* எஸ்.சி.ஏ.1-ஐக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. "குணமாக்குகிறேன்" என்பவரிடம் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டாம். விடாமல் பிசியோதெரபி பயிற்சி செய்தால் நடை ஓரளவு நிதானப்படும்.

* இரத்தப் பரிசோதனையில் மரபணுக் குறை தெரியும். நோய் வருமுன்னே அதைத் தெரிந்துகொள்வது வயது வந்தவரின் சொந்த விருப்பம். யாரும் வற்புறுத்தக் கூடாது.

* கிணற்றடி, அடுப்படியில் கவனம் தேவை. குளியலறையில் கைப்பிடி வைப்போம்.

* மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பிக்க உதவுவோம்.

அந்த அக்காவிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். இப்போது குழுக் கூட்டம் அவர் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது. உங்கள் ஊரில் தள்ளாடி நடப்பவர் யாரும் இருந்தால், பேசுமுன் யோசியுங்கள் சகோதரிகளே!