எந்தக் கவிஞரின் ஊருக்குப் போகலாம்?

இங்கிலாந்து போகும் இலக்கிய வாசகருக்கு ஒரு கவிஞரின் கிராமத்தைப் பார்க்க மட்டுமே நேரம் இருந்தால், பெரும்பாலும் வேர்ட்ஸ்வொர்த்தின் கிராஸ்மியரைத்தான் தேர்ந்தெடுப்பார். பெயரைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கவிதையில் இருப்பது அந்த ஊர்தானா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த அவருடைய கவிதையில் வரும் டாஃபடில் பூக்களை வேர்ட்ஸ்வொர்த் 1802 ஏப்ரலில் பார்த்தது கிராஸ்மியரில் அல்ல, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில். 1799 டிசம்பரில் அவர் குடியேறிய டவ் காட்டேஜும், குளிர் தாங்கத் தங்கை டோரதி சுவரில் செய்தித்தாள் ஒட்டிய சிற்றறையும், தேவாலயத்தில் குடும்பக் கல்லறைகளும் கிராஸ்மியரில் உண்டு. கவிஞரின் வாழ்க்கையைப் பார்க்க அதுவே சரியான இடம். எட்வர்ட் தாமஸ் கவிதை எழுதிய அட்ல்ஸ்ட்ராப் கிராமமோ இன்னும் வேடிக்கை. 1914 ஜூனில் ரயில் அங்கே நின்றதே தவிர, அவர் இறங்கவே இல்லை. 1966-இல் ஸ்டேஷனையும் மூடிவிட்டார்கள். அதன் பெயர்ப்பலகை இப்போது பஸ் நிழற்குடையில் மாட்டியிருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

என் தேர்வு பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள ஹெல்ப்ஸ்டன். 1793-இல் அங்கே பிறந்த ஜான் கிளேர் பண்ணைக் கூலி. ஊரின் வேலி, பறவைக்கூடு, மேய்ச்சல் புறம்போக்கு எல்லாவற்றையும் ஊர்ப் பேச்சிலேயே எழுதியவர். 1809-இல் வந்த நில அடைப்புச் சட்டம் பொது நிலத்தைத் தனியார் வேலிக்குள் தள்ளியது. அந்த இழப்புதான் அவருடைய முக்கியமான கவிதைகளுக்குக் கரு. ஏரியும் மலையும் இல்லாத தட்டைப் பூமியில் பார்க்க என்ன இருக்கிறது, அவர் எழுதிய நிலமே போய்விட்டதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கிளேர் எழுதியது அந்த நிலம் போனதைப் பற்றி. அது போன சுவடு இன்றைய வயல் எல்லைகளில் தெரிகிறது. ஊரை ஒட்டிய ஸ்வோர்டி வெல் என்ற நிலம் தன் குறையைத் தானே சொல்வதாக அவர் ஒரு கவிதை எழுதினார். பிற்காலத்தில் குப்பைக் கிடங்காகவும் ஆன அந்த இடம் இன்று இயற்கைக் காப்பிடம். கவிதையோடு ஒப்பிட்டுப் பார்க்க இப்படியொரு இடம் கிராஸ்மியரில்கூட எனக்குத் தென்படவில்லை. கிளேரைப் படித்ததில்லையே என்று தயங்கவும் வேண்டாம். பறவைக்கூடு பற்றிய நாலைந்து கவிதைகளைப் படித்துவிட்டுப் போனால் போதும்.

மலையில் நடப்பதுதான் முதல் ஆசை என்றால் கிராஸ்மியருக்கே போங்கள், ஏமாற மாட்டீர்கள். ஹெல்ப்ஸ்டன் என்று முடிவெடுத்தால், கிளேர் பிறந்த நாளான ஜூலை 13-ஐ ஒட்டிப் போகப் பாருங்கள். புல்தரையைப் பத்தையாக வெட்டி, அதில் காட்டுப்பூக்களைச் செருகி, ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அவர் கல்லறையைச் சுற்றி அடுக்கிவைப்பார்கள்.